இடைவெளி என்னும் ஒற்றைச்சொல்: முறிவு, விடுபாடு, தடை குறித்த ஆங்கிலச் சொற்களும் தமிழ் ஆய்வுரைநடையும்

முன்னுரை

தமிழில் எழுதப்படும் ஆய்வேடுகளிலும் கட்டுரைகளிலும் இன்று மிகுதியாகப் பயிலும் சொற்களுள் ‘இடைவெளி’ என்பதும் ஒன்று. சுவடியில் அழிந்துபோன அடிகள் இடைவெளி எனப்படுகின்றன. இரு தலைமுறையினரின் மனவேறுபாடு தலைமுறை இடைவெளி எனப்படுகின்றது. முன்னை ஆய்வாளர் தொடாது விட்ட பொருள் ஆய்வு இடைவெளி. படைப்பாளர் ஒருவர் எழுதாதிருந்த ஆண்டுகள் படைப்பு இடைவெளி. மகப்பேற்றுக்குப் பின் ஒரு பெண் வேலைக்குச் செல்லாத காலம் பணி இடைவெளி. இவை யாவும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நிகழ்வுகள். இவற்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களும் பலவாறாக உள்ளன. தமிழுக்கு வரும்போது மட்டும் இவை அனைத்தும் ஒரே சொல்லில் வந்து ஒடுங்குகின்றன.

ஒரு சொல் பல பொருளைச் சுமப்பது மொழிக்கு இயல்பே. பேச்சுவழக்கில் அதனால் கேடு விளைவதில்லை. ஆயின் ஆய்வுரைநடை, நிகழ்வை வகைப்படுத்திக் காரணம் காட்ட வேண்டிய கடப்பாடு உடையது. அங்கு ‘இடைவெளி’ என்னும் பொதுச்சொல் காரணத்தை மறைக்கும் திரையாகிவிடுகிறது. இச்சொல் பெருகியதற்குத் தமிழின் சொல்வறுமை காரணமன்று. தமிழ் தன்னிடத்தே வைத்திருக்கும் நுட்பமான பாகுபாடுகளை மொழிபெயர்ப்பு அவசரத்தில் கைவிட்டதே காரணம் என்பதும், அக்கைவிடல் பதிப்பியல், வரலாறு, ஆய்வு நெறிமுறை ஆகியவற்றில் பிழையான முடிவுகளுக்கு வழிவகுக்கும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

ஆங்கிலச் சொற்கள் காட்டும் படிமங்கள்

தடைபடுதல், நின்றுபோதல், விட்டுப்போதல் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் ஒரே ஊற்றில் பிறந்தவை அல்ல. ‘பிரேக்’ என்பது பழைய ஆங்கிலத்தில் உடைத்தலைக் குறித்த வினையின் வழி வந்தது. ‘கேப்’ வடபுல ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்து சேர்ந்தது. பிளந்த பள்ளத்தையும் வாய் பிளத்தலையும் குறிக்கும் சொற்குடும்பத்தைச் சார்ந்தது. ‘ஹயேட்டஸ்’ இலத்தீனில் வாய்திறத்தலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்தது. வெவ்வேறு வழியில் வந்த இவ்விரு சொற்களும் திறந்த வாய் என்னும் ஒரே படிமத்தைத் தாங்கி நிற்பது நோக்கத்தக்கது.

‘லக்கூனா’ என்னும் சொல் குழியையும் நீர் தேங்கும் பள்ளத்தையும் குறித்தது. கடற்கரைக் காயலைச் சுட்டும் ‘லகூன்’ என்பதும் அதன் வழித்தோன்றலே. ‘இன்டர்வெல்’ என்பதன் மூலப்பொருள் இரண்டு மதிலரண்களுக்கு இடைப்பட்ட நிலம். ‘இன்டரப்ஷன்’ இடையே புகுந்து உடைத்தலையும், அதே வேரில் தோன்றிய ‘ரப்சர்’ முற்றாகப் பிய்ந்து போதலையும் உணர்த்துகின்றன. ‘சீசூரா’ வெட்டு, ‘பாஸ்’ நிறுத்தம், ‘லாப்ஸ்’ வழுக்கல், ‘ரெசஸ்’ பின்வாங்கல், ‘ரெஸ்பைட்’ திரும்பி நோக்கல். ‘எலிப்சிஸ்’ என்னும் கிரேக்கச் சொல் குறைபடுதலைக் குறித்தது.

இச்சொற்களை ஒருங்கு வைத்து நோக்கினால் மூன்று வினாக்கள் அவற்றைப் பகுத்து நிற்பதைக் காணலாம். முதலாவது, அந்நிகழ்வைச் செய்தவர் ஒருவர் உண்டா என்பது. வெட்டும் உடைப்பும் செய்பவரை அவாவி நிற்கின்றன. வழுக்கலும் குழியும் அவாவுவதில்லை. இரண்டாவது, நிகழ்வுக்கு இருபுறமும் எல்லை உண்டா என்பது. ‘இன்டர்வெல்’ இரண்டு அரண்கள் இல்லாமல் அமையாது. ‘ரப்சர்’ என்பதற்கு மறுகரை வேண்டியதில்லை. மூன்றாவது, நின்றது மீண்டும் தொடருமா என்பது. ‘பாஸ்’, ‘ரெசஸ்’ ஆகியன தொடர்ச்சியை உறுதியாக எதிர்நோக்குகின்றன. ‘பிரேக்’ என்பதோ தேநீர் இடைவேளைக்கும் வரும், உறவு முறிவுக்கும் வரும்.

சொற்பிறப்பே சொற்பொருள் ஆகாது என்னும் எச்சரிக்கை இங்குத் தேவை. ‘இன்டர்வெல்’ என்று சொல்லும் எவரும் மதிலரணை நினைப்பதில்லை. தமிழ்நாட்டுத் திரையரங்கில் அச்சொல் வழங்கும்போது முறுக்கும் தேநீருமே நினைவுக்கு வரும். ஆயினும் வேர்ப்பொருள் மறைந்த பின்னும் அது வகுத்துத் தந்த வேறுபாடு பயன்பாட்டில் தங்கிவிடுகிறது. பள்ளியின் நண்பகல் ஓய்வை ஆங்கிலத்தில் எவரும் ‘ரப்சர்’ என்று சொல்லார். ஏட்டில் அழிந்த பகுதியை ‘ரெசஸ்’ என்றும் சொல்லார். பயன்பாட்டில் தங்கிய இவ்வேறுபாடே மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டியது.

தன்வினையும் பிறவினையும்

மேற்சுட்டிய மூன்று வினாக்களுள் முதலாவதற்கு விடைகூறுவதில் தமிழ் ஆங்கிலத்தினும் திட்பம் உடையது. ஆங்கிலத்தின் ‘பிரேக்’ என்னும் வினை தானே உடைதலையும் பிறர் உடைத்தலையும் வடிவ வேறுபாடின்றிக் குறிக்கும். கோப்பை உடைந்தது என்பதற்கும் ஒருவர் கோப்பையை உடைத்தார் என்பதற்கும் அங்கு வினைவடிவம் ஒன்றே. தமிழில் அவ்வாறு ஒளிந்துகொள்ள இடமில்லை. உடைந்தது, உடைத்தது, முறிந்தது, முறித்தது, அறுந்தது, அறுத்தது, நின்றது, நிறுத்தியது என வினை தன்வினையாகவோ பிறவினையாகவோ தன்னை அறிவித்துக்கொண்டே வருகிறது. தொழிற்பெயரிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது: முறிவு, முறிப்பு, பிரிவு, பிரிப்பு, நிற்றல், நிறுத்தம். ஆகவே ‘பிரேக்’ என்னும் சொல்லைத் தமிழாக்குபவர் இதைச் செய்தவர் உண்டா, தானே நிகழ்ந்ததா என்னும் வினாவுக்கு விடைகண்ட பின்னரே எழுத முடியும். இது மொழிபெயர்ப்பாளருக்குத் தொல்லை போலத் தோன்றினும் ஆய்வாளருக்கு வாய்த்த பேறு எனலாம்.

இவ்விதிக்கு விலக்குகளும் உள. ஏரிக்கரை ‘உடைப்பெடுத்தது’ என்னும் வழக்கில் பிறவினை வடிவிலான ‘உடைப்பு’ வந்தாலும் உடைத்தவர் ஒருவர் இலர். வெள்ளமே அங்குக் கருத்தா. எனினும் வெள்ளத்தையும் ஒரு கருத்தாவாகக் கொள்ளும் உழவர் மனப்பாங்கை அவ்வழக்கு காட்டுவதால் அது பாகுபாட்டை வலுப்படுத்துகிறதே அன்றிக் குலைப்பதில்லை.

அன்றாட வழக்கில் இப்பாகுபாடு எவ்வளவு உயிர்ப்புடன் இயங்குகிறது என்பதற்கு மின்சாரம் தொடர்பான சொற்களே சான்று. ‘மின்தடை’ என்பதில் தடுத்தவர் தெரிவதில்லை. ‘மின்வெட்டு’ என்றவுடன் வெட்டிய கை ஒன்று கண்முன் வருகிறது. பராமரிப்புப் பணிக்காகத் திட்டமிட்டு நிறுத்தப்படும் மின்சாரமும் நாளிதழ் அறிவிப்புகளில் ‘மின்தடை’ என்றே இடம்பெறுகிறது. மேடையில் பேசும் எதிர்க்கட்சியினர் ‘மின்வெட்டு’ என்கின்றனர். இருவரும் ஒரே இருளைத்தான் குறிக்கின்றனர். கருத்தா உண்டா இல்லையா என்பதில்தான் வேறுபடுகின்றனர்.

கல்வித்துறையில் வழங்கும் ‘இடைநிற்றல்’ என்னும் சொல் இன்னும் ஆழ்ந்த எண்ணத்துக்கு உரியது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட குழந்தையைக் குறிக்க இது நிலைபெற்றுவிட்டது. நில் என்னும் தன்வினையடியாகப் பிறந்த இச்சொல், நின்றது குழந்தையின் செயல் என்று உரைக்கிறது. வறுமையாலும் சாதிய இழிவாலும் இளவயதுத் திருமணத்தாலும் பள்ளியிலிருந்து அகற்றப்பட்ட குழந்தையும் இச்சொல்லில் தானே நின்றதாகிவிடுகிறது. ஆங்கிலத்தின் ‘டிராப் அவுட்’ என்பதிலும் இதே குறை உண்டு. அதனை உணர்ந்த கல்வியாளர் சிலர் ‘புஷ் அவுட்’ என்று மாற்றிச் சொல்லத் தலைப்பட்டனர். அதற்கு அவர்கள் வேறொரு வினையைத் தேட வேண்டியிருந்தது. தமிழுக்கு அத்தேடல் தேவையில்லை. இடைநிற்றலை இடைநிறுத்தம் ஆக்கினால் போதும். வினையின் வடிவமே வினாவை எழுப்பிவிடும்.

அரசுப் பணி விதிகள் குறித்த வழக்கில் ‘பணிமுறிவு’ என்னும் சொல் உண்டு. ஊதிய உயர்வையும் ஓய்வூதியத்தையும் பாதிக்கவல்ல சொல் இது. முறிவு என்னும் தன்வினைப் பெயர், பணித்தொடர்ச்சி தானே முறிந்ததாகச் சொல்கிறது. அதனை முறிந்ததாகக் கொள்ளும் ஆணையை எவரோ ஒருவர் பிறப்பிக்கிறார் என்பது சொல்லில் இல்லை. இத்தகைய சொற்களை மாற்றவேண்டும் என்று வற்புறுத்துவது இங்கு நோக்கமன்று. இவற்றை ஆய்வுப்பொருளாகக் கொள்ளும் தமிழாய்வாளர், தம் உரைநடையிலாவது தன்வினை, பிறவினை வேறுபாட்டை விழிப்புடன் கையாள வேண்டும் என்பதே வேண்டுகோள்.

இலக்கண மரபில் இன்மையின் வகைகள்

சொல்லப்படாததையும் விடுபட்டதையும் வகைப்படுத்துவது தமிழ் இலக்கண மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பிய எச்சவியல் பிரிநிலை, வினை, பெயர், ஒழியிசை, எதிர்மறை, உம்மை, என, சொல், குறிப்பு, இசை என எச்சத்தைப் பத்தாகப் பகுக்கிறது. எஞ்சி நிற்பது யாது, அதை எது முடித்துவைக்கும் என்பது இப்பகுப்பின் அடிப்படை. தொகைநிலைத் தொடர்களில் மறைந்து நிற்பது உருபா, உவமச்சொல்லா, காலமா, உம்மையா என்று பெயரிட்டுக் காட்டுவதும் இம்மரபே. இல்லாததை ‘இல்லை’ என்று விட்டுவிடாமல், எது இல்லை, எந்த முறையில் இல்லை என்று கேட்ட மரபு இது.

ஒலியியலில் ‘ஹயேட்டஸ்’ எனப்படுவது இரண்டு உயிர்கள் இடையே மெய்யின்றி அடுத்து நிற்கும் நிலை. இதற்கு ‘உயிர் இடைவெளி’ என்று புதுச்சொல் ஆக்கவேண்டிய தேவையே இல்லை. தமிழ் இதை இரண்டு கோணங்களில் அறிந்திருக்கிறது. புணர்ச்சியில் இந்நிலை நேராதவாறு இடையே வந்து இரு உயிர்களையும் உடம்படுத்தும் மெய்க்கு ‘உடம்படுமெய்’ என்று பெயர். தொல்காப்பியப் புணரியல் அதனைப் பொதுவாகச் சுட்ட, நன்னூல் யகர வகரங்களை வரையறுத்துக் கூறியது. உடம்படாமல் உயிர்கள் தனித்தனியே ஒலிக்கும் நிலைக்கு யாப்பிலக்கணத்தார் ‘விட்டிசைத்தல்’ என்று பெயரிட்டனர். சொல்லின் முதலில் தனிக்குறில் நேரசை ஆகாது என்று விதித்த அவர்கள், விட்டிசைக்கும் இடத்தை மட்டும் அதற்கு விலக்காக்கினர். வெறுமையாகத் தோன்றும் அந்நொடி, அசையின் அலகையே மாற்றும் ஆற்றல் உடையது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

‘சீசூரா’ என்பதைத் தமிழாக்குவதில் வேறொரு படிப்பினை உண்டு. இலத்தீன் யாப்பில் அது சீரின் நடுவே சொல் முடிவதால் தோன்றும் வெட்டு. தமிழ் யாப்பில் சீருக்காகச் சொல்லைப் பிளப்பது ‘வகையுளி’ எனப்படும். முன்னதில் சொல்லெல்லை சீரின் உள்ளே விழுகிறது. பின்னதில் சீரெல்லை சொல்லின் உள்ளே விழுகிறது. ஒன்றுக்கொன்று நேர்மாறான இவ்விரண்டையும் ‘இடைவெளி’ என்னும் ஒரே சொல்லால் சுட்டினால் ஒப்பியல் ஆய்வுக்கு அங்கேயே கதவடைத்ததாகும்.

நிறுத்தக்குறிகளின் பெயர்களிலும் இவ்வேறுபாடு புலப்படுகிறது. ‘கமா’ என்பது கிரேக்கத்தில் வெட்டுண்ட துண்டு, ‘கோலன்’ உறுப்பு. ஆங்கிலம் குறியின் பெயரில் வெட்டப்பட்ட பகுதியை வைத்தது. ஆறுமுக நாவலர் (1822–1879) போன்றோர் தமிழ் உரைநடையில் இக்குறிகளைப் பரப்பினர். பின்னர் நிலைபெற்ற தமிழ்ப் பெயர்களோ காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்பன. இங்குப் பெயரில் நிற்பது நிறுத்தத்தின் அளவு. கடன்பெற்ற குறிக்கும் கீழ்வாய், மேல்வாய் இலக்கம் கண்ட மொழி தன் அளவைக் கணக்கைக் கொண்டே பெயரிட்டது. சொல்லாக்கத்தில் மொழிபெயர்ப்புக்கு அடிமையாகாத நல்ல முன்மாதிரி இது.

பதிப்பியலில் நேரும் மயக்கம்

பொதுச்சொல்லால் விளையும் இழப்பு மிகத் தெளிவாகத் தென்படும் துறை பதிப்பியல். சங்க நூல்களில் கிடைக்காத பகுதிகளை ஒருசேர ‘இடைவெளி’ என்று குறிப்பது இன்று வழக்கமாகிவருகிறது. அப்பகுதிகளோ ஒரு தன்மையன அல்ல. ஐங்குறுநூற்றில் 129, 130 ஆகிய பாடல்களும் நற்றிணையில் 234ஆம் பாடலும் கிடைக்கவில்லை. இவற்றுக்கு முன்னும் பின்னும் பாடல்கள் உள்ளமையின் இவை இருகரை உடைய இழப்புகள். பதிற்றுப்பத்தில் கிடைக்காதவை முதற்பத்தும் பத்தாம் பத்தும். அவை நூலின் இரு முனைகள். முனை அழிந்த இடத்தை ‘இடை’ வெளி என்பது சொல்லளவிலேயே முரண். ஐரோப்பியச் சுவடியியலார் தொடக்கம் இழந்த சுவடியைத் ‘தலையற்றது’ என்று பொருள்படும் தனிச்சொல்லால் சுட்டுவர். தமிழ்ச் சுவடி விவரக் குறிப்புகளில் வழங்கிவரும் ‘முதலும் இறுதியும் இல்லை’ போன்ற தொடர்கள் அதே தெளிவை எளிமையாகத் தந்துவிடுகின்றன. பரிபாடலின் நிலை வேறு. எழுபது என்று அறியப்படும் பாடல்களில் முழுமையாகக் கிடைப்பவை 22 மட்டுமே. இங்கு அழிந்தது பெரும்பகுதி, எஞ்சியது சிறுபகுதி. இதை இடைவெளிகள் நிறைந்த நூல் என்பதினும் எச்சம் என்பதே பொருந்தும்.

புறநானூறு இன்னும் நுட்பமான சான்றை அளிக்கிறது. 1894ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட அந்நூலுக்குப் பழைய உரை 266ஆம் பாடல் வரையே கிடைக்கிறது. அதற்கு அடுத்த 267, 268 ஆகிய பாடல்கள் மூலமே கிடைக்கவில்லை. ஒரே இடத்தில் இரண்டு இன்மைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று பாட்டின் இழப்பு. மற்றொன்று உரையின் முடிவு. உரை அவ்வளவில் நிறுத்தப்பட்டது என்பதும் எழுதப்பட்ட உரை அழிந்தது என்பதும் வேறுவேறு வரலாறுகள். முன்னது உரையாசிரியரின் செயல். பின்னது ஏட்டின் விதி. இரண்டையும் ‘266க்குப் பின் இடைவெளி’ என்று ஒருசேரச் சொல்லிவிட்டால், கேட்கவேண்டிய வினா கேட்கப்படாமலே போய்விடும்.

ஏட்டின் பரப்பிலும் வெறுமை பலவகைப்படும். சுவடியைக் கோக்கும் கயிற்றுக்கான துளையைச் சுற்றி எழுதுபவர் இடம் விடுவார். அங்கு எழுத்து எதுவும் இழக்கப்படவில்லை; அதுவே சொல்லின் முழுப்பொருளில் இடைவெளி. செல்லும் பூச்சியும் அரித்ததால், விளிம்பு முறிந்ததால் எழுத்து அழிந்த இடம் சிதைவு. படியெடுத்தவர் கண் ஒரு வரியிலிருந்து அதேபோல் தொடங்கும் மற்றொரு வரிக்குத் தாவியதால் விட்டுப்போனது விடுபாடு. முன்னேடு சிதைந்திருப்பதைக் கண்ட படியெடுப்பாளர், இத்துணை எழுத்து இருந்திருக்கும் என்று மதித்து வெறுமையாக விட்ட இடம் நான்காவது வகை. அது ஒருவர் தம் அறியாமையை நேர்மையோடு பதிவுசெய்த இடம். இந்நான்கும் அச்சுக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே புள்ளிக்கோட்டாலேயே காட்டப்படுகின்றன. பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் வேறுபடுத்தினாலன்றி வாசகருக்கு வேறுபாடு தெரிய வழியில்லை. சிதைவை ஒப்பிட்டு நிரப்ப வேறு ஏடு வேண்டும். விடுபாட்டைக் கண்டறிய எழுதுபவரின் பழக்கத்தை அறிதல் வேண்டும். வகை தெரியாமல் மருத்துவம் இல்லை.

ஆதலின் பதிப்பியல் ஆய்வில் குறைந்தது நான்கு சொற்களையேனும் நிலைப்படுத்திக்கொள்ளுதல் நலம்: பொருள்நிலை அழிவுக்குச் ‘சிதைவு’; படியெடுப்பில் நேர்ந்த தவறுதலுக்கு ‘விடுபாடு’; கருதி விட்ட வெறுமைக்கு ‘விட்ட இடம்’; நூலின் தொடக்கமோ முடிவோ இல்லாமைக்கு ‘முதலிழப்பு’, ‘இறுதியிழப்பு’. காரணம் தெளியாத இடத்தில் ‘கிடைக்காப் பகுதி’ என்று எழுதினால் எந்த முடிவையும் திணிக்காமல் நிற்கலாம். இவற்றுள் எதுவும் அயற்சொல் அன்று. பெரும்பாலானவை பதிப்புரைகளில் ஏற்கெனவே சிதறிக் கிடப்பவை.

வரலாற்றில் ஆட்சியிடையீடு

களப்பிரர் காலத்தைக் குறிக்க ஆங்கில வரலாற்று நூல்களில் ‘இன்டர்ரெக்னம்’ என்னும் சொல் பயின்றுள்ளது. உரோமானிய மரபில் ஓர் அரசர் இறந்து மற்றோர் அரசர் பொறுப்பேற்கும் வரையுள்ள காலத்தைக் குறித்த சொல் இது. இச்சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு அடங்கியுள்ளது: முன்னும் பின்னும் இருந்ததே அரசு, நடுவில் இருந்தது அரசு அன்று. மூவேந்தரை உரிமையுடையவராகவும் களப்பிரரை இடையில் புகுந்தவராகவும் காணும் பார்வை சொல்லின் வழியாகவே நுழைந்துவிடுகிறது. தமிழில் வழங்கிய ‘இருண்ட காலம்’ இத்தீர்ப்பை மேலும் கனமாக்கியது.

களப்பிரர் குறித்த முதன்மைச் சான்றுகளுள் ஒன்றான வேள்விக்குடிச் செப்பேடு, அவர்களை அகற்றிய பாண்டியர் மரபினர் எட்டாம் நூற்றாண்டில் வெளியிட்டது. வென்றவரின் ஆவணத்தில் தோற்றவரின் காலம் இடையூறாகத் தோன்றுவதில் வியப்பில்லை. வரலாற்றாசிரியர் அப்பார்வையைத் தம் கலைச்சொல்லாகவே ஏற்றுக்கொள்வதுதான் வியப்பு. பதினெண்கீழ்க்கணக்கு நூல்கள் பலவற்றை ஆய்வாளர் பலர் இக்காலத்தை ஒட்டியே வைக்கின்றனர். அறநூல்கள் இத்துணை தோன்றிய ஒரு காலத்தை வெளி என்றும் இருள் என்றும் சொல்லுதல் பொருந்துமாறு இல்லை. சான்று குறைவு என்பது ஆய்வாளரின் நிலை. அதனை அக்காலத்தின் பண்பாக மாற்றி எழுதுவது சொல் செய்யும் வேலை. ‘சான்று அருகிய காலம்’ என்று எழுதினால் குறை யாரிடத்து என்பது தெளிவாகும்.

சமகாலத்திலும் இவ்வேறுபாடு உயிர்களோடு தொடர்புடையது. காசா போர் குறித்து ஐ.நா. பொதுச்சபை 27.10.2023 அன்று நிறைவேற்றிய தீர்மானம் ‘ட்ரூஸ்’ என்னும் சொல்லையும், பாதுகாப்பு அவை 15.11.2023 அன்று ஏற்ற 2712ஆம் தீர்மானம் ‘பாஸ்’ என்னும் சொல்லையும், 25.03.2024 அன்று ஏற்ற 2728ஆம் தீர்மானம் ‘சீஸ்ஃபயர்’ என்னும் சொல்லையும் கையாண்டன. ‘பாஸ்’ என்பது மீண்டும் தொடங்கும் என்பதை ஒப்புக்கொண்ட நிறுத்தம். ‘ட்ரூஸ்’ வாக்குறுதி என்னும் பொருளுடைய பழைய சொல்லிலிருந்து வந்தது. மூன்றையும் தமிழில் ‘போர்நிறுத்தம்’ என்றே எழுதினால், ஐந்து திங்களாக உலக நாடுகள் எதைப் பற்றி வழக்காடின என்பதே தமிழ் வாசகருக்கு விளங்காது. 2002ஆம் ஆண்டின் இலங்கைப் போர்நிறுத்த உடன்படிக்கையையும் அதன் பின்விளைவையும் அறிந்த ஈழத்தமிழர்க்கு நிறுத்தம், ஓய்வு, இடைநிறுத்தம் என்பன ஒருபொருட் பன்மொழி அல்ல.

‘ஆய்வு இடைவெளி’ என்னும் தொடர்

முனைவர்ப்பட்ட ஆய்வுச் சுருக்கங்களில் ‘ஆய்வு இடைவெளி’ என்னும் தலைப்பு இன்று ஏறத்தாழக் கட்டாயமாகிவிட்டது. ‘ரிசர்ச் கேப்’ என்பதன் நேர்பெயர்ப்பு அது. இத்தொடரின் படிமம், அறிவு ஒரு சுவர், அதில் ஒரு கல் இல்லை, அதை வைக்க வேண்டும் என்பது. இப்படிமத்தை ஏற்றவுடன் ‘இந்நாவல் இதுவரை ஆராயப்படவில்லை, ஆகவே இடைவெளி உள்ளது’ என்னும் வாய்பாடு பிறக்கிறது. ஆராயப்படாமை மட்டுமே ஆராயவேண்டியதற்குக் காரணம் ஆகாது. ஆராயப்படாத நூல்கள் எண்ணில. அவை எல்லாம் இடைவெளி ஆயின் அச்சொல்லுக்குப் பொருளே இல்லை.

முன்னை ஆய்வின் குறை பலவகைப்படும். சான்று இருந்தும் நோக்காது விட்டது விடுபாடு. நோக்கியும் பிழைபட முடிவுசெய்தது வழு. இரு அறிஞர் முடிவுகள் ஒத்துவராதது முரண். அக்காலத்துச் சான்று கிடைக்காமையால் நின்றது தடை. இன்று புதிய கல்வெட்டோ சுவடியோ கிடைத்திருப்பின் அத்தடை நீங்கியிருக்கும். கேட்கக் கூடாது என்று ஒதுக்கப்பட்டது மறைப்பு. பெண்பாற் புலவர் குறித்தோ ஒடுக்கப்பட்டோர் வழக்காறு குறித்தோ நெடுங்காலம் நிலவிய அமைதியை ‘இடைவெளி’ என்பது, ஒதுக்கியவரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாகும். ஆய்வாளர் தம் சுருக்கத்தில் இவ்வகைகளுள் ஒன்றைத் தேர்ந்து எழுத நேர்ந்தால், தேர்வுக்கான காரணத்தையும் கூற நேரும். அக்காரணமே ஆய்வின் தொடக்கம்.

மறுப்பும் விடையும்

இக்கருத்துக்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். ஆங்கிலத்திலும் ‘கேப்’, ‘பிரேக்’ ஆகியன பரந்த பொருளில் வழங்குகின்றனவே என்பது ஒன்று. உண்மையே. ஆயின் ஆங்கிலத்தில் பொதுச்சொல்லின் அருகே துறைச்சொல்லும் இயங்குகிறது. பொதுவழக்கில் ‘கேப்’ என்பவரே பதிப்பில் ‘லக்கூனா’ என்று எழுதுகிறார். தமிழில் பொதுச்சொல் துறைச்சொல்லின் இருக்கையையும் கைப்பற்றிக்கொண்டதே சிக்கல்.

ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரு தமிழ்ச்சொல் ஆக்கினால் அகராதி வீங்குமே அன்றிச் சிந்தனை வளராது என்பது மற்றொன்று. இது ஏற்கத்தக்க எச்சரிக்கை. 1916இல் சேலத்தில் தோன்றிய தமிழ்ச் சாத்திரீயச் சொற்சங்கம் தொடங்கி நூற்றாண்டுக்கும் மேலாகக் கலைச்சொல் முயற்சிகள் நடந்துவருகின்றன. அ. சிதம்பரநாதச் செட்டியார் பதிப்பாசிரியராக இருந்து சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம் – தமிழ்ச் சொற்களஞ்சியம் போன்ற பெரும்பணிகளும் நிறைவேறியுள்ளன. பட்டியலில் ஏறிய சொற்கள் அனைத்தும் எழுத்தில் ஏறவில்லை என்பது கண்கூடு. ஆகவே இங்கு வேண்டப்படுவது புதிய பட்டியல் அன்று. செய்தவர் உண்டா, இருகரை உண்டா, மீளத் தொடருமா என்னும் மூன்று வினாக்களைக் கேட்டு, அதற்கேற்ற பழகிய சொல்லை எடுத்தாளும் பழக்கமே வேண்டப்படுவது. இடையீடு, இடையறவு, இடையூறு, முறிவு, சிதைவு, விடுபாடு, ஒழிவு, ஓய்வு, தடை, வெட்டு, நிறுத்தம் ஆகிய யாவும் எவர்க்கும் விளங்குவன.

நிறைவுரை

இடைவெளி நல்ல தமிழ்ச்சொல். இரண்டு பொருள்களுக்கு நடுவே எதுவும் இழக்கப்படாமல் கிடக்கும் வெறுமைக்கு அதனினும் சிறந்த சொல் இல்லை. ஏட்டின் துளையைச் சுற்றிய வெற்றிடத்தை அச்சொல் சரியாகவே குறிக்கும். அழிந்ததையும் அழிக்கப்பட்டதையும், மறந்ததையும் மறைத்ததையும், நின்றதையும் நிறுத்தப்பட்டதையும் அச்சொல்லால் மூடும்போதுதான் பிழை நேர்கிறது.

ஆங்கிலச் சொற்களைக் கூர்ந்து பயில்வதன் பயன், அவற்றுக்கு இணை தேடி அலைவதில் இல்லை. ஒவ்வொரு சொல்லும் எந்த வினாவுக்கு விடையாக நிற்கிறது என்பதை அறிந்து, அவ்வினாவைத் தமிழ் எவ்வாறு கேட்கிறது என்று திரும்பிப் பார்ப்பதில் உள்ளது. எச்சத்தைப் பத்தாக வகுத்த மொழியில், தன்வினை பிறவினை வேறுபாட்டை வினையின் உடலிலேயே ஏந்திய மொழியில், இன்மையை ஒற்றைச் சொல்லால் எழுதவேண்டிய கட்டாயம் எவர்க்கும் இல்லை. ஆய்வேட்டில் அடுத்தமுறை ‘இடைவெளி’ என்று எழுதுமுன், அங்கு நிகழ்ந்தது யாது என்று ஒருகணம் நின்று வினவுதல் ஆய்வாளர்தம் கடன்.